பழம் கொண்டு வந்தவர்கள்

மாமியின் கடகம் எங்கள் அரியாலை வீட்டு அலுமாரியின் மேல் இருந்தது. பனையோலையில் தடிப்பாக இழைத்த கூடை. விளிம்பு பிய்ந்த இடத்தில் பழைய சேலைக்கரையைச் சுற்றி மாமியே தைத்திருந்தார். மாமி என்றால் என் கணவரின் தாய். மருதனார்மடத்தில் செம்மண் தோட்டமும் ஒரு மாமரமுமாகத் தனியாகவே இருந்தவர். எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாய் அலுத்துப் போனது. ஒரு நாள் அந்தக் கடகத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கு வந்தார். திரும்பிப் போகும்போதும் பழங்கள் அப்படியே கடகத்துக்குள்தான் இருந்தன. சேர் அவற்றை வாங்கவில்லை.

சேர் எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர். நான் அவருடைய எண்டோஸ்கோப்பி அறைத் தாதி. வாய் வழியாகக் கமெராக் குழாயை விட்டு, குடலுக்குள் பித்தக்குழாயின் வாயைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் கீறி, அடைத்திருக்கிற கல்லை இழுத்து எடுக்கிற வேலை அங்கே நடக்கும். பெரிய இடங்களில் இதற்கென்றே தனி வைத்தியர்கள் இருக்கிறார்களாம். எங்களுக்கு வயிற்றை வெட்டுகிற சேர்தான் இதையும் செய்யவேண்டும். அவர் கமெராவைப் பிடிப்பார், நான் பக்கத்தில் நின்று கம்பியை உள்ளே தள்ளுவேன். கை நடுங்காத மனிதர். ஆனால் வேலை முடிந்து கையுறையைக் கழற்றுகிறபோது ஒரு நாளும் சிரித்ததில்லை. எல்லாம் சரியாக வந்த நாளிலும் அதே உம்மென்ற முகம்தான். ஆரம்பத்தில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

கல் பெரிதென்றால் ஒரே தடவையில் வராது. அப்போது பித்தம் வடிவதற்காக விரல் நீளத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்துவிடுவார். அதற்குப் பிறகு கண்ணை மஞ்சளாக்கிய செங்கமாரி மெல்ல மெல்ல இறங்கும். கண் வெளுக்கும், சொறி நிற்கும், சோறு ருசிக்கும். ஆனால் அந்தக் குழாய் சில மாதங்களுக்குத்தான். எடுக்காமல் விட்டால் உள்ளே கசடு படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கிருமி இரத்தத்தில் ஏறும். இதை நாங்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் அனுப்புகிறோம். தலையாட்டிக்கொண்டுதான் போகிறார்கள். போய், உடம்பு தேறியதும், தோட்டத்தில் விளைந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு டொக்டரிடம் வருவார்கள். கொடுத்துக் கும்பிட்டுவிட்டால் எங்கள் சனத்துக்கு நோய் வருத்தம் எல்லாம் முடிந்துவிட்டது. சுகமான உடம்போடு மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பானேன் என்று நினைப்பார்கள். வயிற்றுக்குள் குழாய் இருப்பதே மறந்து போகும்.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி அப்படித்தான் வந்தார். பழத்துக்குப் பதிலாக ஐஸ் பெட்டியில் பெரிய விளைமீன். சேரின் மேசையில் அவர் அதைத் திறந்தபோது நோயாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சேர் அன்றைக்கு மட்டும் சிரித்தார், மீனை வாங்கினார், எங்களுக்கும் பங்கு வந்தது. பிறகு அந்த மனிதர் கடலுக்குப் போய்விட்டார். குழாய் எடுக்கிற தவணைக்கு வரவில்லை. பல மாதம் கழித்து மகன் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மஞ்சள் பூசியது போல இருந்தார், குளிரில் பல் அடித்தது. அடைத்த குழாயை எடுத்துப் புதியதை வைத்தோம். திரையில் பித்தம் நன்றாகவே ஓடியது. ஆள் தப்பவில்லை. அன்று சேர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: "படத்திலை எல்லாம் வடிவாத்தான் ஓடுது, சிஸ்டர். ஆள் திரும்பி வந்து குழாயைத் தந்தாத்தான் அது முடிவு. மீன் தந்ததை நான் முடிவெண்டு நினைச்சிட்டன்."

அதிலிருந்து சேர் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டார். குழாய் எடுத்த பிறகு கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார். சிலர் முகம் சுருங்கிப் போவார்கள். ஆனால் பலர் திரும்பி வந்தார்கள், அதுவும் உண்மை. பழத்தை ஏற்றுக்கொள்ளும்வரை வருத்தம் முடியவில்லை என்பது அவர்களுக்கே உறைத்திருக்கவேண்டும். சேரின் கணக்குச் சரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன், மாமிக்குச் செங்கமாரி வரும்வரை.

மாமிக்கும் பெரிய கல். மாமிக்கும் நீலக் குழாய். உடம்பு தேறியதும் அந்தக் கடகத்தோடு வந்து நின்றார். நான் அப்போது உள்ளே ஒரு நோயாளியோடு இருந்தேன். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சேர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார், குழாய் எடுத்த பிறகு கொண்டு வாருங்கள் அம்மா என்று. ஆனால் வாசலில் நிறையச் சனம் இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால், தன் கையால் பிடுங்கி, ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொண்டுவந்த பழத்தை ஒருவர் வேண்டாம் என்றது மாமிக்குத் தாங்கவில்லை. என்னோடும் கதைக்காமல் போய்விட்டார். அந்தப் பழங்களைத் தானும் தின்னவில்லை, எங்களுக்கும் தரவில்லை. பக்கத்துக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டாராம்.

அதன் பிறகு நாங்கள் படாத பாடில்லை. குழாய் எடுக்கவேண்டும் என்று போய்ச் சொன்னால், தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்த பிறகு பார்ப்போம் என்றார் மாமி. வெங்காயம் கிண்டி முடிந்ததும் கோயில் திருவிழா வந்தது. கணவர் கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். சேர் தானே மாமியோடு கதைப்பதாகச் சொல்லி என் தொலைபேசியை வாங்கினார். மாமி எடுக்கவில்லை. கடைசியாக நான் போய் முற்றத்தில் உட்கார்ந்து, நீங்கள் வருகிறேன் என்று சொல்லாமல் எழும்பமாட்டேன் என்றேன். மாமி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். தந்துவிட்டுச் சொன்னார்: "என்ரை கைப்பழத்தை வேண்டாத மனிசன்ரை கையிலை நான் ஏன் பிள்ளை என்ரை வயித்தைக் குடுக்கவேணும்?"

எனக்குக் கோபம் வந்தது. மாமியின் வீம்பின் மேலும் கோபம், சேரின் சட்டத்தின் மேலும் கோபம். ஒரு பழத்தை வாங்கியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சேரோடு சண்டை பிடித்தேன்.

காய்ச்சல் வந்ததை மாமி எங்களுக்குச் சொல்லவில்லை. பனிக்காய்ச்சல் என்று குளிசை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து சேர்த்தபோது கண் மறுபடியும் மஞ்சள். என்னை வெளியே நில்லுங்கள் என்றார் சேர். நான் போகவில்லை. கம்பியை வேறொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. குழாய் கறுத்து, அடைத்துப்போய் வந்தது. பின்னாலே சீழ் வந்தது. அதற்குப் பின்னால் பித்தம் வந்தது. திரையில் எல்லாம் வடிவாக ஓடியது. சேரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து மாமி கண் திறக்காமலே போய்விட்டார்.

செத்தவீட்டுக்குச் சேர் வந்தார். வைத்தியர்கள் இப்படியான வீடுகளுக்கு வருவது அரிது. பந்தலுக்குள் யாரும் கதிரை போடவில்லை, அவரும் கேட்கவில்லை. என் கணவர் எழும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்றார். சண்டை வரப்போகிறது என்று நானும் எழும்பினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அம்மாவின்ரை பழத்தை ஏன் சேர் வேண்டேல்லை?"

சேர் நிலத்தைப் பார்த்தார். "பழத்தைக் கையிலை வேண்டினா, திரும்பி வரமாட்டா எண்டு பயந்தன்," என்றார்.

கணவர் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டார்.

நான் இன்றுவரை இதை யோசிக்கிறேன். மீனை வாங்கினார், ஒருவர் போனார். பழத்தை வாங்கவில்லை, மாமி போனார். இரண்டு தடவையும் அவருடைய கை உள்ளே செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் எதைத்தான் திருத்துவது? இந்தக் கேள்வி சேரையும் விடவில்லை என்று அடுத்த மாம்பழக் காலத்தில் தெரிந்தது. ஒரு பெண் கடகத்தோடு வந்தார். சேர் எழும்பி, பழங்களைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார், ஒன்றை மூக்கருகே பிடித்து மணந்தும் பார்த்தார். பிறகு வெறும் கடகத்தை என்னிடம் தந்துவிட்டு, "கடகம் இஞ்சை நிக்கட்டும் அம்மா. குழாய் எடுக்க வரேக்கை தாறன்," என்றார். அந்தப் பெண் பதறிப்போனார். "அது என்ரை நல்ல கடகம் சேர்." சேர் அதற்குத்தான் என்பது போலத் தலையாட்டினார்.

உடம்பை மறந்தாலும் பாத்திரத்தை மறக்காத சனம் நாங்கள். அந்தப் பெண் தவணைக்கு முதலே வந்து நின்றார். சேர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், ஆனால் வழக்கம் நிலைத்துவிட்டது. எங்கள் அறையில் இப்போதும் கடகம், தூக்குச்சட்டி, சாப்பாட்டுக் கரியர் என்று அடுக்கி இருக்கும். புதிதாக வந்த சேர் இளைஞர், சந்தைக்குள் வந்தது போல இருக்கிறது என்று பகிடி பண்ணுவார். சொப்பிங் பையில் கொண்டு வருகிறவர்களிடம் இந்த வித்தை பலிக்காது என்பது வேறு விஷயம்.

இந்த வருடம் ஒரு கடகம் மட்டும் நின்றுகொண்டே இருந்தது. தென்மராட்சிப் பக்கத்துத் தோட்டக்காரப் பெண் ஒருவருடையது. தவணை கடந்துவிட்டது. தொலைபேசி வேலை செய்யவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் அலுமாரியின் மேலிருந்து மாமியின் கடகத்தை இறக்கினேன். மருதனார்மடத்து வீட்டுக்குப் போய், மாமியின் மரத்துப் பழங்களைப் பிடுங்கித் துடைத்து அடுக்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தேன். படலையைத் திறந்தவரின் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். வெளிச்சத்துக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஓரத்தில் லேசாக மஞ்சள் போல இருந்தது. நித்திரை காணாது மிஸி, வேறொன்றுமில்லை என்றார். கடகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பிறகு குழம்பியது.

"இது என்ரை கடகமில்லையே, மிஸி."

"ஓம். உங்கடை கடகம் ஆஸ்பத்திரியிலை நிக்குது," என்றேன். "இது என்ரை மாமியின்ரை. அவ இப்ப இல்லை. எனக்கு இது கட்டாயம் வேணும். நாளைக்கே கொண்டு வந்து தாங்கோ."

அவர் பழத்தை எடுத்துக்கொண்டு கடகத்தை உடனேயே திருப்பித் தரப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெறுங்கடகமாகத் திருப்பிக் கொடுக்க அவருக்கும் மனம் இடம் கொடுக்கவில்லை. ஏதாவது போட்டுத்தான் தரவேண்டும், நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொன்னார்.

இன்று செவ்வாய்க்கிழமை இரவு. அவர் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. அலுமாரியின் மேல் கடகம் இருந்த இடம் சதுரமாக, தூசி படியாமல் தெரிகிறது. விடிந்ததும் ஒரு ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு நானே போகப்போகிறேன். கடகத்துக்காக வந்தேன் என்றுதான் சொல்லுவேன்.