அக்கரையில் எட்டுத் தூளிகள்

பெற்றோர் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கிறது. ஆனால் அது ஓட்டுநர் உரிமத்தோடு சரி. தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் தூளிக்காரர்தான். சாலையும் கைப்பேசி சிக்னலும் கைவிட்டுவிடும் மழைக்காட்டுக்குள் ஆறேழு பேரை நாலைந்து நாள் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். அங்கே தரை முழுக்க ஈரம், அட்டை, எறும்பு. கீழே தலைசாய்க்க வழியில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே நைலான் துணியில் தூளி கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்துக்கட்டி, அந்தரத்தில்தான் தூங்க வேண்டும். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மரத்தைத் தொடுவதற்கு முன் அண்ணாந்து பார்ப்பார். பட்டுப்போன கிளை ஒன்று தெரிந்தாலும் அந்த மரம் வேண்டாம். தூளிக் கயிற்றில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிடுவார். கயிறு வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் படுக்கைக்கு வராமல் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும். “நேரா படுத்தா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடுவீங்க சார். குறுக்கா படுங்க, முதுகு நிமிரும்” என்று ஒவ்வொருவருக்கும் படுத்துக் காட்டுவார். முதல் நாள் யாராவது ஒருத்தர் கட்டாயம் குப்புற விழுவார். சிரிக்காமல் தூக்கிவிடுவதும் தொழிலில் சேர்த்திதான்.

சமையல் அவர் மனைவி. இருபத்திரண்டு வருஷமாக அவர் கயிற்றோடு முன்னால், அவள் பாத்திரத்தோடு பின்னால். அவர்களுடைய ஒற்றை அறை வாடகை வீட்டில் கட்டில் கிடையாது, சுவரில் நாலு கொக்கிகள்தான். கொக்கி அடித்ததில் சுவர் விரிந்து, வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒருமுறை வந்து விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். புதுத் தூளி எது வந்தாலும் அவள் படுத்துப் பார்த்து “ம்” என்று சொன்ன பிறகுதான் காட்டுக்குப் போகும். அவளுக்கு இழுப்பு உண்டு. தூக்கக் கலக்கத்தில் கைக்கு எட்ட வேண்டும் என்று, தன் தூளியின் கொசுவலையில் ஒரு சின்னப் பையைத் தைத்து அதற்குள் இன்ஹேலரை வைத்திருந்தாள்.

தூளிக்காரருக்கு ஒரு வீம்பு. வருகிறவர்கள் வந்து சேரும்போது படுக்கை தயாராக இருக்க வேண்டும். களைத்து வந்தவர்களை நிற்கவைத்துக்கொண்டு கயிற்றை அவிழ்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் எல்லாத் தூளிகளையும் ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு தான் மட்டும் முன்னால் போய்விடுவார். அந்தப் பயணத்தின் மூன்றாம் நாள் காலையும் எட்டுத் தூளிகளையும் அவரே சுருட்டினார். மனைவியுடையதையும்தான்.

பத்து மணிவாக்கில் ஆறு குறுக்கே வந்தது. முழங்கால் அளவுதான் தண்ணீர்.

“எல்லாரும் சேர்ந்தே தாண்டிடலாமே. மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு இருக்கு” என்றாள் மனைவி.

“நீங்க சாப்பிட்டு நிதானமா வாங்க. அதுக்குள்ள நான் கட்டி வச்சிடறேன். நம்ம பேரே அதுலதான் இருக்கு.”

சொன்னபடியே அக்கரை மேட்டில் எட்டையும் கட்டினார். கட்டி முடித்து, எட்ட நின்று, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இரைச்சல் கேட்டது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, பெய்ததெல்லாம் மலையில். கரைக்கு ஓடிவந்து பார்த்தால், செம்மண் நிறத்தில் முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு ஆறு போய்க்கொண்டிருந்தது. பதினைந்து தப்படி அகலம் அறுபது ஆகிவிட்டது. எதிர்க்கரையில் ஆறு விருந்தாளிகளும் அவளும் சேற்றில் நின்றார்கள்.

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும், உட்காருங்கள் என்று கையால் சாடை காட்டினார். அப்போதுதான் அவள் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நிற்பதைக் கவனித்தார். அது எப்படிப்பட்ட குனிவு என்று அவருக்குத் தெரியும். மேட்டுக்கு ஓடி அவள் கொசுவலைப் பைக்குள் கையை விட்டார். இன்ஹேலர் இருந்தது.

வெறும் கல்லை எறிந்து பார்த்தார். முக்கால் ஆறு போய் விழுந்தது. இன்ஹேலர் ஒன்றே ஒன்று, தண்ணீரோடு போனால் போனதுதான். கயிற்றில் கட்டி எறிந்தால் விழுந்தாலும் இழுத்துக்கொள்ளலாம் என்று, கட்டிய தூளிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எல்லாக் கயிறுகளையும் முடிந்து, நுனியில் கல்லைக் கட்டி ஒத்திகை பார்த்தார். நனைந்த கயிறு பாதி ஆற்றைக்கூடத் தாண்டவில்லை. பத்து முறை எறிந்தார். தோள்பட்டை விட்டுப்போயிற்று. கயிற்றுக்குக் குறைவில்லை, கைதான் போதவில்லை.

விருந்தாளிகளில் ஒருவர் டாக்டர். பல் டாக்டர். அவர் அவளை ஒரு பையின் மேல் உட்காரவைத்து, முன்னால் சாய்த்துப் பிடித்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தூளிக்காரர் இங்கிருந்து கத்தியதில் ஒரு சொல்லும் அங்கே போய்ச் சேரவில்லை. பல் டாக்டர் கையை விரித்தார்.

அவள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை தொங்குகிறது, தோள் ஏறி இறங்குகிறது, ஆனால் முகம் இந்தப் பக்கம்தான். மருந்தைக் கொண்டுவா என்று கேட்கிறாள், கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேனே பாவி என்று அவருக்குத் தன்மேல் ஆத்திரம் பொங்கியது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். தொடையளவு போனதும் ஆறு அவரைத் தள்ளி ஒரு வேரில் மோதவைத்தது. மறுபடி இறங்கினார், மறுபடியும் அதே கதைதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகக் குதித்துவிடலாமா என்று நினைத்து நிமிரும்போதெல்லாம் அந்த முகம் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடித்துக்கொண்டு போவதற்கு அவருக்கு மனசு வரவில்லை. வேரைப் பிடித்தபடி உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

நாலு மணிக்குமேல்தான் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது. இன்ஹேலரைப் பல்லில் கடித்துக்கொண்டு தாண்டினார். அவள் உதடு கறுத்திருந்தது. மருந்து உள்ளே போய், நெஞ்சு அடங்கி, பேச்சு வர அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னைத் திட்டிடு” என்றார். “அங்கிருந்து நீ பார்த்த பார்வையை என்னால தாங்க முடியலை.”

“மருந்துக்காகப் பார்த்தேன்னு நெனச்சீங்களா?” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். “அது வராதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் கண்ணை மூடினா நீங்க குதிச்சிடுவீங்க. அதான் மூடலை.”