பூஜைக்கு எடுத்த படம்

என் மகள் எங்கே இருக்கிறாள் என்பது எங்கள் ஊரில் என்னையும் என் மனைவியையும் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் நான் வேலை செய்யும் லாரி பாடி கட்டும் பட்டறையில், ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில் அந்த நம்பிக்கை போனது. தன் பெண்ணைத் தையல் படிப்பில் சேர்க்க இடம் தேடிக்கொண்டிருந்த வெல்டர், செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏனுங்ணா, இது நம்ம பாப்பா தானுங்களே? சேலத்துலயா இருக்குது? ஒரு வார்த்தை சொல்லலீங்களே!”

சூரமங்கலத்தில் உள்ள ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் இணையதளம் அது. முதல் பக்கத்திலேயே பெரிய படம். தையல் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் பொரி பரப்பி, ஆயுதபூஜைக்கு எடுத்தது. பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் என் மகள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. கீழே, ‘சூரமங்கலம் விடுதி மாணவியர்’ என்று போட்டிருந்தது.

டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அவள் புருஷன் அவள் கையை ஒடித்தவன். கட்டுப் பிரித்த கையோடு நான்தான் அவளை அந்த விடுதியில் கொண்டுபோய் விட்டேன். அதன் பிறகு அவன் எங்கள் வாசலில் வந்து நின்று, “எங்க ஒளிச்சு வெச்சாலும் தேடிப் புடிப்பேன். கெடைச்சா உசுரோட உடமாட்டேன்” என்று தெருவே கேட்கக் கத்தினான். போலீஸில் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். அவன் தேடுவதை நிறுத்தவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மகளுக்குப் போன் செய்தேன். “பூஜைக்கு எல்லாரும் நின்னாங்கப்பா. ஆபீஸ்ல மாட்டத்தான் எடுக்கறாங்கன்னு நெனச்சேன்” என்றாள். அவளை என்ன சொல்ல? எங்கள் பட்டறையிலும் அப்படித்தான். ஆயுதபூஜையன்று மாலை போட்ட லாரி முன்னால் எல்லோரும் நிற்போம், முதலாளி படம் எடுப்பார். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சாமி காரியத்தில் ஒதுங்கி நின்றால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

மறுநாளே சேலத்துக்குப் போனேன். அலுவலகத்தில் பொறுப்பாக இருந்த அம்மா நல்ல மாதிரி. ஆனால் சுற்றிலும் சேர்க்கைக்கு வந்த பெற்றோர்கள். அவர்கள் முன்னால் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அந்தப் படம் வேணாமுங்க மேடம். எடுத்துருங்க.”

“என்னங்கய்யா இது? எம் பொண்ணு படத்தப் போடுங்கன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க. நீங்க எடுக்கச் சொல்றீங்க! பொண்ணு படம் வெளிய வந்தா கௌரவம் போயிடுமா? இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க?”

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “பாக்குறேன், போங்க” என்றார் அந்த அம்மா.

சொன்னபடி பார்த்தும் இருக்கிறார். இரண்டு நாள் கழித்து வெல்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார்.

“ஏனுங்ணா, பாப்பா மூஞ்சிய மட்டும் அழிச்சு உட்ருக்காங்களே? பேப்பர்ல ஏதாச்சும் கேஸுன்னாத்தான் இப்படிப் போடுவாங்க. ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?”

வரிசையில் மற்ற முகங்களெல்லாம் சிரித்தபடி தெளிவாக இருந்தன. என் மகளின் முகம் மட்டும் கட்டம் கட்டமாகக் கலைந்திருந்தது. பக்கத்தைத் திறக்கிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அவள்தான். அவள் கட்டியிருந்த பச்சைச் சேலையை அப்படியே விட்டிருந்தார்கள். நிச்சயத்துக்கு அவன் வீட்டில் எடுத்துக் கொடுத்த சேலை. வேறு நல்ல சேலை அவளிடம் கிடையாது. அவனுக்கு முகம் எதற்கு? சேலை போதும். கீழே ஊரும் எழுதியிருக்கிறது.

பட்டறை அழுக்குக் கையைக்கூடக் கழுவாமல் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த அலுவலகத்தில் யார் இருந்தார்கள், யார் கேட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. கை ஒடிந்ததிலிருந்து வாசலில் அவன் கத்தியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. “அவ செத்துருவாளுங்க” என்று சொன்னபோது அந்த அம்மா எழுந்துவிட்டார்.

இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு அப்போதே போன் போட்டார். ஸ்பீக்கரில் அவன் பேசினான்.

“எடுத்தாச்சு மேடம். ஆனா நெட்ல தேடிப் பாத்தா பழைய படம் சின்னதா கொஞ்ச நாளைக்குத் தெரியும். அதையும் எடுக்கச் சொல்லி எழுதிடறேன். யாராவது ஏற்கெனவே தன் போன்ல எடுத்து வெச்சிருந்தா நாம ஒண்ணும் பண்ண முடியாது.”

“அவ புருஷன் பாத்தானா இல்லையான்னு தெரியுமா, தம்பி?” என்று கேட்டேன்.

“அது தெரியாதுங்க.”

மாடியில் இருந்த விடுதியிலிருந்து மகளைக் கீழே வரச் சொன்னார்கள். துணிமணிகளை எடுத்துக்கொள், வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றேன்.

“இன்னும் எந்த ஊருக்குப்பா? பரீட்சை முடியட்டும். இங்கதான் நான் ராத்திரி தூங்கறேன்.”

சரி, இரு என்றேன். விடுதிக்குள் ஆண்கள் தங்க முடியாது. பட்டறைக்குப் போன் செய்து லீவு சொன்னேன். அன்றிலிருந்து எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் உட்காருகிறேன். காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது வருவேன். பூட்டியதும் ரயில்வே ஜங்ஷன் பக்கம் போய்ப் படுத்துக்கொள்வேன். அவன் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை.

நேற்று அந்த அம்மா ரோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார். “தப்பு எங்க மேலதாங்க. இனிமே ஒவ்வொரு பொண்ணுகிட்டயும் கேட்டுட்டுத்தான் படம் போடுவோம். பேரு, ஊரு எதுவும் போடமாட்டோம்” என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. மரியாதைக்கு எழுந்து நின்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் டவுன் பஸ் வந்து நின்றது. நான் இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.