மிதிக்கிறவங்களுக்குக் கால் வலிக்கும்

எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுவது சாதாரணமாக நடப்பதுதான். மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. இருவரும் ஓர் அறையை விட்டு வெளியே வந்தால், பின்னால் லைட்டும் ஃபேனும் அப்படியே இருக்கும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். காலையில் ராஜபாளையத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்திலும், வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நாலு சுவிட்சையாவது நான்தான் அணைக்க வேண்டும். கரண்ட்டை வீணாக்காதீர்கள் என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் வறண்டது. பிள்ளைகள் நன்றாகத் தலையாட்டுவார்கள். அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் போடுவார்கள்.

என் கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனுடைய சைக்கிளைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பின்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி நிறுத்தினார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய மோட்டார் ஒன்றை பெல்ட் போட்டுச் சக்கரத்தோடு சேர்த்தார். சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றிக் கரண்ட் கொடுக்கும். மோட்டாரிலிருந்து ஒயர் இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச், முனையில் ஒரு கார் ஹெட்லைட் பல்ப்.

"நம்ம ஹால் ஃபேன் எம்புட்டு கரண்ட் திங்குதோ, கிட்டத்தட்ட அம்புட்டு இந்த பல்பும் திங்கும். ஏறி மிதிலே" என்றார் மகனிடம்.

பையன் ஏறி மிதித்தான். கால் பறந்தது. "இது ஒண்ணுமே இல்லப்பா" என்று கையை விட்டுக்காட்டினான். அவர் சுவிட்சைப் போட்டார். மிதி சட்டென்று கனத்துவிட்டது. பல்ப் மஞ்சளாக எரிந்தது. பையன் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தான்.

"பிரேக்கப் பிடிக்கீங்களாப்பா?"

"நான் எங்கலே பிடிச்சேன்? சுவிட்சத்தான போட்டேன்."

இரண்டு நிமிஷத்தில் அவன் சட்டை நனைந்துவிட்டது. மகளுக்குக் கால் எட்டவில்லை. அதனால் சுவிட்ச் அவள் வசம் போனது. போட்டால் அண்ணன் முக்குவான், அணைத்தால் கால் பறக்கும். போட்டாள், அணைத்தாள், போட்டாள். அவன் திட்டத் திட்ட அவள் தரையில் உருண்டு சிரித்தாள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். கோர்ட்டில் நாளெல்லாம் உட்கார்ந்தே பழகிய கால். பல்ப் எரிந்ததும் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. மறுநாள் பஸ் படியில் கால் வைக்க முடியாமல் நின்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று மதியம் சாப்பிடும்போது மகள் தலையை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "அம்மா, இந்த ஃபேனுக்கு யாரு மிதிக்கிறாக?"

கையில் ரசக்கரண்டியோடு நின்றவள், யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "எங்கயோ ஒருத்தரு மிதிப்பாக."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டிருப்பாக. நீ சாப்பிடு."

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. அறையை விட்டு வரும்போது சுவிட்சுக்கு எட்டாவிட்டால் மகள் ஸ்டூலை இழுத்துப் போடுவாள். ஃபேனை அணைத்துவிட்டு, "இனி செத்த நேரம் உக்காருங்க" என்று மேலே பார்த்துச் சொல்லுவாள். அண்ணன் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தால், "சீக்கிரம் எடு, அவியளுக்கு மூச்சு வாங்கும்" என்று பின்னால் நின்று அடிப்பாள்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவளை என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். வேலை முடிந்து பால்கோவா வாங்கக் கடையில் ஏறினோம். வெளியே நல்ல வெயில். கடைக்குள் ஏழெட்டு டியூப்லைட் எரிந்தது. எடை போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து இவள் சொன்னாள்.

"அண்ணாச்சி, அந்த லைட்டையெல்லாம் அமத்துங்க. மிதிக்கிறவங்களுக்குக் கால் வலிக்கும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனாலும் எழுந்துபோய் வாசல் பக்கத்து லைட் நாலையும் அணைத்தார். "சரியா தாயி?" என்று கேட்டு, இலைத்துண்டில் ஒரு வாய் பால்கோவா வைத்து நீட்டினார்.

அன்று சாயங்காலம் கணவர் என்னிடம், "புள்ளகிட்ட நெசத்தச் சொல்லிரு" என்றார்.

"சொல்லுவோம். கொஞ்ச நாள் போகட்டுமே" என்றேன். பொய் சொல்லிப் பிள்ளையை வேலை வாங்குகிறோமே என்று எனக்கும் உறுத்தாமல் இல்லை. ஆனால் நான் கத்தாமல் காலைப்பொழுது கழிவது இப்போதுதானே!

ஆனி மாதம் சுரண்டையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். தென்காசி வரை ரயில், அங்கிருந்து பஸ். பஸ் ஜன்னல் வழியே காடு முழுக்கக் காற்றாடிகள். பனைமரத்தைவிடப் பல மடங்கு உயரம், நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. என்ன அது என்று மகள் கேட்டாள். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுலதான் கரண்ட் எடுக்காக" என்றார்.

அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றின் அடியிலும் தேடினாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "அம்மா! யாருமே மிதிக்கல! தானா சுத்துது!"

நான் குனிந்து பையில் எதையோ தேடினேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் எல்லா அறையிலும் ஃபேனைச் சுற்றவிட்டாள். "காத்துக்குத்தான் காலே இல்லையே, பொறவு என்ன?" என்றாள். அண்ணனுக்கு ஒரே கொண்டாட்டம். இனி தப்பிக்க முடியாது. அவளை மடியில் இழுத்து உட்கார வைத்து, "அம்மா அன்னைக்குச் சும்மா சொல்லிட்டேன். யாரும் மிதிக்கல. தப்பு என்மேலதான்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. யோசித்தாள். "காத்து அடிக்கலைன்னா?"

"நிலக்கரியை எரிச்சு எடுப்பாக."

"அது எங்க இருக்கு?"

"பூமிக்குள்ள. தோண்டணும்."

"தானாத் தோண்டுமா?"

"அது எப்படி? மிஷின் இருக்கு, ஆளுங்களும் இருக்காக. வெயில்ல நின்னு வேலை பார்ப்பாக."

அவள் மடியிலிருந்து குதித்து இறங்கினாள். "அப்போ ஆளு இருக்காகல்ல! நீ சொன்னது சரிதாம்மா, காலுக்குப் பதிலாக் கை வலிக்கும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஹால் ஃபேன் நின்றது. படுக்கையறை ஃபேன் நின்றது. அடுத்து ஒரு சுவிட்ச் சத்தம், அதற்குப் பின்னாலேயே குளியலறையிலிருந்து மகனுடைய அலறல்.

"அம்மா! உள்ள நான் குளிச்சிட்டு இருக்கேன்! கண்ணுல சோப்பு! லைட்டப் போடச் சொல்லும்மா!"

"வெளியே வெயிலு அடிக்குல்ல, ஜன்னலத் தொற" என்றாள் என் மகள். நான் சிரித்த சிரிப்பில், அவனுக்கு லைட்டைப் போட்டுவிடக்கூட எழுந்திருக்க முடியவில்லை.