வெள்ளை வந்தால் மெட்ராஸ்

எஸ்டேட் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைனில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். பொதுக் குழாயில் வரிசை தாண்டிக் குடம் வைத்தவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். அரை மார்க் குறைத்த டீச்சரிடம் போட்டிருக்கிறேன். அக்கா கல்யாணத்தில் சாம்பாரைக் குறை சொன்ன மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரைக்கூட நான் விடவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா மட்டும், “வாயுள்ள புள்ள பொழச்சுக்கும், உடு” என்று சிரிப்பார். அவருக்கு வாய் கிடையாது. எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் கேட்டால் கூட, “ஆமாங்க”, “செரிங்க” என்ற இரண்டு சொல்லில் வேலையை முடித்துக்கொள்கிறவர். வீட்டுக்கு வேண்டிய வாய் முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று லைனில் கேலி செய்வார்கள்.

அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். அம்மா பழம் பறிப்பாள். அப்பா செடிகளைக் கிளை வெட்டிக் கவாத்து செய்வார், பருவம் வந்தால் ஏணி வைத்து மிளகு பறிப்பார். இந்த ஏணியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது ஓர் அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் டீச்சர் நாலைந்து பேரை மெட்ராசுக்கு அழைத்துப் போனார். ஒரு பெரிய பெண்கள் கல்லூரியில் கண்காட்சி. அங்கே லைப்ரரியில் புத்தகம் எடுக்க ஏணி வைத்திருந்தார்கள். அதன் உச்சிப் படியில் ஒரு பெண் நின்றுகொண்டு, எடுத்த புத்தகத்தை அங்கேயே படிக்க ஆரம்பித்து, இறங்க மறந்துபோய் நின்றாள். யாரும் அவளை அதட்டவில்லை. ஏணி என்றால் விழுந்தால் இடுப்பு போகும், மேஸ்திரி கீழே நின்று கத்துவார் என்று மட்டுமே தெரிந்த எனக்கு அதை நம்ப முடியவில்லை. திரும்பும் ரயிலிலேயே, படித்தால் இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மார்க் நன்றாகவே வந்தது. விண்ணப்பித்தேன், இடமும் கிடைத்தது. அப்பா லைன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். வாயில்லாத மனுஷர் வீடு வீடாக நின்று, “எங்க புள்ள மெட்ராசுக்குப் படிக்கப் போவுதுங்க” என்று சொன்னதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பிறகுதான் ஹாஸ்டலுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்பது தெரிந்தது. அக்கா கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வாக்கியம் போதும், மேற்கொண்டு கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்தில் அரசுக் கல்லூரி இருந்தது. ஃபீஸ் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. காலையில் பஸ்ஸில் மலை இறங்கி, சாயங்காலம் பஸ்ஸில் ஏறி வந்துவிடலாம். அங்கேயும் எனக்கு இடம் இருந்தது. அந்தக் கல்லூரியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பசிக்கிற பிள்ளைக்கு ஆசைப்பட்ட பண்டம் ஒன்று, கிடைக்கிற சோறு ஒன்று. சோற்றைத் தின்றால் பசி போய்விடும், ஆசை போகாது.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. அப்பா வேலைக்குப் போய் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மெட்ராஸ் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை அம்மாதான் சொன்னாள்.

“இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒக்காந்தா ஆச்சுங்களா? பூ கேட்டுரலாம். அம்மன் என்ன சொல்லுதோ அது.”

பூ கேட்பது எங்கள் ஆட்களுக்கு வழக்கம். பெண் எடுக்க, கிணறு வெட்ட, மாடு வாங்க, எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அம்மன் வாக்கைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம். அதை அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும்.

எங்கள் லைனில் பொட்டலம் கட்டுவது அப்பாதான். அவர் கட்டினால் எது எது என்று கட்டியவருக்கே தெரியாது என்பார்கள். மலையில் அடுத்த ஊரான வெள்ளக்கடையிலிருந்துகூட அவரைக் கூப்பிட்டு ஆள் வரும். திருவிழாவில் தீச்சட்டி எடுப்பவரும் அவர்தான். அம்மன் விஷயத்தில் அப்பா மேல் சந்தேகப்படுவது, காலையில் சூரியன் வருமா என்று சந்தேகப்படுவது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை லைனுக்குக் கீழே இருக்கும் கோயிலுக்குப் போனோம். அப்பா புதருக்குப் பின்னால் போய்ப் பூப்பறித்து, அங்கேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்தார். பூசாரி மணியடித்து, “வெள்ள வந்தா மெட்ராஸ், செவப்பு வந்தா சேலம், தாயே நீயே சொல்லு” என்று வேண்டி இரண்டையும் வைத்தார். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் ஒன்றை எடுத்தாள். பூசாரி நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

அம்மா, “ஐயோ சாமி” என்று கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அம்மனையே வையத் தொடங்கினாள். “உனக்குப் பொங்க வெச்சு, கூழு ஊத்தி, எங்க புள்ளைக்கு இதுதான் குடுப்பியா? நீயும் ஒரு பொம்பளதான?” என்று கேட்டாள். அப்பா அவள் கையைப் பிடித்து, “வேண்டாம் உடு, அதத் திட்டாத, அது என்ன பண்ணும்” என்றார். அவர் குரல் நடுங்கியது. என் துக்கத்துக்குத்தான் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

பூசாரி அவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது, எடுக்காத பொட்டலத்தை நான் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். “நான் போடறேன், குடு கண்ணு” என்று பின்னால் அப்பா குரல் கேட்டது. நான் நிற்கவில்லை. அழுவதற்கு எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

ஓடைக்கரையில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். சத்தியமாகச் சந்தேகத்தில் பிரிக்கவில்லை. எனக்குக் கிடைக்காத அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே இருந்ததும் செவ்வரளி.

பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. முடியாது என்ற ஒரு சொல்லை அப்பாவால் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. லைன் முழுக்கச் சொன்ன வாயால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதனால் அம்மனைச் சொல்லவைத்துவிட்டார். என் அப்பா, தீச்சட்டி எடுக்கிற என் அப்பா, அந்தப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு சிவப்புப் பூவைப் பறித்திருக்கிறார்.

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் அவர் கை அந்த நாரைச் சுற்றியபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். கோபம் இருந்த இடம் தெரியாமல் போய், வெறும் துக்கம்தான் மிச்சமிருந்தது. பூவைத் தண்ணீரில் விட்டேன். முகத்தைக் கழுவினேன். மேலே ஏறி வந்தபோது அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மன் வாக்குங்கப்பா. நான் சேலத்துலயே படிக்கறேன். ஊட்டுச் சோறு திங்கலாம், ஆருக்குக் கிடைக்கும்?” என்றேன். சிரிக்கவும் செய்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சேலத்திலேயே படித்தேன். முதல் வருஷம் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்தே டிகிரி வாங்கிவிடுவேன் என்று கண்டக்டர் கேலி செய்வார். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படித்தேன். டீச்சர் டிரெயினிங் முடித்தேன், வேலை கிடைத்தது. என் வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு தடவை ஏதோ பயிற்சிக்காக மெட்ராஸ் போனபோது அந்தக் கல்லூரி வாசலில் போய் நின்றேன். “யாரைப் பாக்கணும்மா?” என்று வாட்ச்மேன் கேட்டார். “யாரையும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் அழுதேன். சம்பளம் வாங்குகிற, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண், ஒரு ஏணிக்காக அழுதேன்.

ஆனால் நான் இழந்ததைவிட அப்பா இழந்தது பெரிது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அடுத்த திருவிழாவில் இடுப்பு வலி என்று தீச்சட்டியை வேறொருவரிடம் கொடுத்தார். யாராவது பூக்கட்டக் கூப்பிட்டால், “கை நடுங்குதுங்க” என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். புள்ளைக்கு வரம் குடுக்கலைன்னு அம்மன் மேல கோபம் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் கடைசிவரை அப்படியே நம்பினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கூசிப்போயிருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் மனுஷர் உடைந்துவிடுவார் என்று பயந்தேன்.

அம்மா போன பிறகு, எஸ்டேட் வீட்டையும் காலி செய்துவிட்டு, அப்பா சேலத்தில் என்னோடு வந்து தங்கினார். கீழே உள்ள வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. எந்நேரமும் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் இருப்பார். ஒரு ஆடி வெள்ளியன்று தெரு முனைக் கோயிலுக்குக் கூப்பிட்டேன். “நீ போய்ட்டு வா சாமி, எனக்குக் கால் வலிக்குது” என்றார். எத்தனையோ வருஷமாகக் கேட்ட அதே மாதிரி சாக்குதான். அன்றைக்கு எனக்கு என் பழைய வாய் திரும்பி வந்தது.

“இன்னும் எத்தன வருசத்துக்குங்கப்பா இப்படி? அன்னைக்கு ஓடையில நான் அதப் பிரிச்சுப் பாத்துட்டேன். ரெண்டும் செவப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான் கோவிச்சுக்கல. அம்மனும் கோவிச்சுக்காது. எந்திரிங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

“தெரிஞ்சுமா கண்ணு சும்மா இருந்தே?” என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நீ சும்மா உடமாட்டேன்னுதான் நான் நம்பிட்டிருந்தேன். நீ ஆருகிட்டத்தான் சண்ட போடல? அம்மன் சொன்னாலும் நான் போவேன்னு நிப்பே, சோறு திங்காம கெடப்பே, அழுவே. அப்பறம் நான் போயி ரைட்டர் கால்ல உழுந்துக்கலாம்னு இருந்தேன். எஸ்டேட் தொரைகிட்டச் சொல்லி அவர் எதாச்சும் ஏற்பாடு பண்ணியிருப்பாரு. எனக்குக் கேக்கறதுக்கு ஒரு தெம்பு வேணுமில்ல? புள்ள அழுவுதுங்கன்னு சொன்னா எங்க போயி வேணாலும் நிக்கலாம். புள்ள சிரிக்குதுங்கன்னு சொல்லி எப்படிச் சாமி கேக்கறது? வெள்ளிக்கெழம வரைக்கும் பாத்தேன். நீ நொம்ப நல்லாச் சிரிச்சுக்கிட்டே இருந்தே.”

அந்த வாரம் முழுவதும் அப்பா முன்னால் நான் அழவில்லை. வாழ்க்கையிலேயே அப்பாவுக்காக நான் செய்த பெரிய காரியம் அதுதான் என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தேன். பணம் கட்டக் கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமே வேலையிலிருந்து வந்தார். உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“என்ன கண்ணு, எதாச்சும் சொல்லோணுமா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்கப்பா” என்றேன்.