ஏழாம் நம்பர் காட்டின் இளம்பச்சை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் எதிர்மலையின் பச்சையை வாசிப்பேன். பறித்த தேயிலைக் காடு கறுத்துக் கிடக்கும். பறிக்க வேண்டிய காடு கொழுந்து தள்ளி வெளுத்துத் தெரியும். கூடை சுமந்த யாருக்கும் இது தெரியும். அதைப் படமாக வரைந்து பலகையில் ஏற்றியது எங்கள் தோட்டத்தில் நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மேனேஜர் துரை மாற்றலாகிப் போனபோது, ஆட்கள் சார்பில் என் படத்தைக் கொடுப்பதென்று முடிவானது. தேயிலைப் பெட்டியின் பலகையைத் தேய்த்து எடுத்து, பிரிஞ்சாங் டவுனில் வீட்டுக்குப் பூசும் சாயம் வாங்கி வந்தேன். மூன்று சாயங்காலம் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்ததோடு சரி, பிரஷைத் தொடவில்லை. நாலாம் நாள் பனி விலகிய கொஞ்ச நேரத்தில் வேகமாக வரைந்தேன். ஏழாம் நம்பர் காட்டின் உச்சி மடிப்பில் கை தானாக இளம்பச்சையை வைத்தது. வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். மலையிலும் அப்படித்தான் இருந்தது.

எங்களை வேலை வாங்கும் கங்காணி படத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். ஏழாம் நம்பரைப் போன வாரமே பறித்தாயிற்று, துரைக்கு இந்த மலை அத்துப்படி, தப்பான படத்தைக் கொடுத்தால் நமக்குத்தான் அவமானம் என்றார். கரும்பச்சை பூசாவிட்டால் கடையில் வேறு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடுவாராம்.

பக்கத்து வீட்டுக்காரி, "பூசிடுக்கா, ஒரு இழுப்புதான லா" என்றாள்.

"கண்ணு பார்த்தத அழிக்க மாட்டேன். மேல ஏறிப் பாருங்க கங்காணி" என்றேன்.

மறுநாள் காலையில் அவர் ஏற, நாங்களும் பின்னால் போனோம். மடிப்பு முழுக்கக் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. போன வாரம் மழை விரட்டியதில் பாதியில் இறங்கியவர்கள், மற்றவர்கள் முடித்திருப்பார்கள் என்று ஆளாளுக்கு நினைத்து மறுநாள் அடுத்த காட்டுக்குப் போயிருக்கிறோம். நானும்தான்.

கங்காணி ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு எல்லாரையும் கூடையை எடுக்கச் சொன்னார். என்னிடம் மட்டும் தணிந்த குரலில், "படம் அப்படியே இருக்கட்டும்மா. துரைகிட்ட வாயத் திறந்துடாத" என்றார்.

நான் திறக்கவில்லை. படத்தைக் கையில் வாங்கியதும் துரையின் விரல்தான் நேராக அந்த மடிப்பில் போய் நின்றது. இங்கே இன்னும் பறிக்கவில்லையா என்று கேட்டார்.

"பறிச்சாச்சு துரை. அது போன வாரத்துப் படம்" என்றார் கங்காணி.

துரை சிரித்தார். டிரைவர் கை நீட்டியும் கொடுக்காமல், பலகையைத் தானே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.