காந்தலூர் ஜீப் ஸ்டாண்டில் நான் துடைக்காமல் விட்ட ஸ்ட்ரிங்

1. யார் இந்த இன்னார்?

கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்த மூன்றாம் மாதம் என்னைப் பூண்டு விளையும் மலையூரான காந்தலூருக்கு அனுப்பினார்கள். டூரிஸ்டுகளை ஏற்றும் ஜீப்புகளில் அடுத்த டர்ன் யாருக்கு என்று காட்டும் எல்.இ.டி போர்டு. அதற்குப் புரோகிராம் எழுதியவன் நான்.

“யூனியன்காரங்க வேண்டாம்னுட்டா, நீங்க அங்கயே பூண்டு நட்டுப் பொழைச்சுக்கங்க” என்றார் முதலாளி. வேலை போய்விடும் என்பதை அவர் அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்.

யூனியன் செக்ரட்டரி தங்கராசு முதல் டிரைவரின் பட்டனை அழுத்தினார். போர்டில் ‘அடுத்த வண்டி: இன்னார்’ என்று ஓடியது. அடுத்த பட்டனை அழுத்தினார். மறுபடியும் இன்னார்.

“யாருய்யா இந்த இன்னாரு? யூனியன்ல சந்தா கட்டாதவனுக்கு எல்லா டிரிப்புமா?”

“சரி பண்ணிடறேனுங்க.”

நடந்தது இதுதான். நான் புரோகிராம் எழுதிய ஜாவா மொழியில் ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் சரம், உருவானால் உருவானதுதான், அதை மாற்ற முடியாது. ‘இன்னார்’ இருக்கும் இடத்தில் டிரைவர் பெயரைப் போடு என்று ரீப்ளேஸ் கொடுத்தால், பழையதைத் தொடாமல் புதிதாக ஒன்றைச் செய்து நம்மிடம் நீட்டும். நீட்டியதை நான் வாங்கவே இல்லை.

வாங்கி ஒரு வேரியபிளில் வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாற்ற முடியாத ஸ்ட்ரிங்கே வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிட்டு, மாற்றக்கூடிய ஸ்ட்ரிங்பில்டருக்குப் போனேன். புரோகிராம் முழுவதற்கும் ஒரே பில்டர், வருகிற பெயரை அதன் வாலில் ஒட்ட வேண்டியதுதான். ஒரே ஒரு பெயரை வைத்து டெஸ்ட் செய்தேன். பிரமாதமாக வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

2. ஒன்பது ஜீப், ஒரு தம்பதி

அந்த ஸ்டாண்டில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் முதல் டிரிப்புக்கு முன் செக்ரட்டரி எல்லாப் பெயரையும் ஒரு முறை கூப்பிட்டுவிடுவார். அப்புறம் யாரும் ‘என் பேரு விட்டுப்போச்சு’ என்று சண்டைக்கு வர முடியாது.

மறுநாள் போர்டின் பட்டனிலேயே கூப்பிட்டார். செல்வம். பிறகு செல்வம், பாண்டி. பிறகு செல்வம், பாண்டி, மாரியப்பன். பெயர்கள் சேர்ந்துகொண்டே போக, போர்டே பட்டியல் போடுகிறது என்று எல்லோருக்கும் பரம சந்தோஷம். பார்த்துக்கொண்டிருந்த நானும் கை தட்டினேன், மடையன்.

முதல் டர்ன் மாரியப்பனுக்கு. அவர் ஜீப் மூன்று வாரம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்து, முந்தின நாள்தான் வெளியே வந்திருந்ததால் அப்படி ஒரு சலுகை. ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். தங்கராசு மாரியப்பனின் பட்டனை அழுத்தினார். போர்டில் ஒன்பது பெயரும் ஓடி, கடைசியில் மாரியப்பன் இன்னொரு தடவையும் வந்தார்.

போர்டு சொன்னால் சொன்னதுதான் என்று, என் டெஸ்டைப் பார்த்துவிட்டு முந்தின நாள்தான் யூனியனில் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஒன்பது ஜீப்பும் ஸ்டார்ட் ஆகி, தம்பதியை வளைத்துக்கொண்டன.

“போர்டுல என் பேருதாம்ல மொதல்ல!” என்றார் செல்வம்.

“எம்பேரு ரெண்டு தடவ வருது, எனக்கு ரெண்டு டிரிப்பு!” என்றார் மாரியப்பன்.

அந்தப் பெண் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த மறையூர் பஸ்ஸில் ஓடி ஏறிவிட்டாள்.

3. தீர்ப்பு

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பில்டரில் இருக்கும் பழைய பெயரைத் துடைத்துக் காலி செய்ய வேண்டும். அதற்கு ஒரு வரி போதும். எழுதினேன். போர்டு சரியானது. மாரியப்பன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“இந்த ஒத்த வரிக்கா என் டிரிப்பு போச்சு?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “தப்புத்தானுங்க” என்றேன்.

தங்கராசு என்னைக் காட்டித் தீர்ப்புச் சொன்னார். “போர்டு இருக்கட்டும். ஆனா டர்ன் மாரியப்பனுது, அத யாரும் எடுக்க முடியாது. பயணிய விரட்டுனது இவரு. அதனால இவரே பயணி.”

முழு ரேட்டுக்கு என்னை ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம், பாறை மேல் பாறை. தலை நாலு தடவை கூரையில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் மாரியப்பன் திரும்பி, “தொடைச்சீரா?” என்று கேட்டார். “தொடைச்சுட்டனுங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

இன்றைக்கு என்னிடம் வேலைக்குச் சேர்கிறவர்கள், “ஸ்ட்ரிங்கும் பில்டரும் ஏறக்குறைய ஒண்ணுதானே சார்?” என்று கேட்டால் நான் விளக்குவதில்லை. மாரியப்பனுக்குப் போன் போட்டு, ஆளை அனுப்பி வைக்கிறேன்.