கெலெராவின் கெரசின் டின்

கெலெரா மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கத்தி சட்டி விளிம்பில் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டாள். ஊர்த்தலைவரை அடக்கம் செய்து நாற்பத்திரண்டு நாளாகிறது. நூறு நாள் முடியும்வரை ஊருக்குள் சத்தமே எழக் கூடாது; விறகு பிளக்கக் கூடாது, கூவிக் கூப்பிடக் கூடாது. எதிரே இருக்கும் பவளத்திட்டில் மீன் பிடிக்கவும் தடை. அதனால்தான் அவள் புருஷன் ஒசேயா திட்டைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போயிருந்தான்.

அவள் பக்கத்துத் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருஷம். சீர்ப்பாய்களோடு அப்பாவிடம் கற்ற வித்தை ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். காலி கெரசின் டின்னின் அடியில் ஓட்டை போட்டு, தூண்டில் கயிற்றை உள்ளே ஓர் ஆணியில் முடிந்து வெளியே விடவேண்டும். ஈரத்துணியால் கயிற்றை இறுக்கிப் பிடித்து இழுத்தால் டின் காளைபோல முக்காரமிடும். திட்டின் இடைவெளி மழையில் மறைந்துபோகும் நாட்களில் ஒசேயா அந்தச் சத்தத்தை வைத்துத்தான் படகை உள்ளே விடுவான். "கெலெரா மாட்டை அவுத்துட்டா, புருஷன் வரான்" என்று குழாயடியில் பெண்கள் சிரிப்பார்கள்.

நாலு மணிக்குத் தெற்கே கடல் வெளுத்தது. வெளுப்பு நகர்ந்து வந்து திட்டை விழுங்கியது.

கட்டிலுக்கடியிலிருந்து கெலெரா டின்னை இழுத்தபோது ஒசேயாவின் அக்கா அகனிசி உள்ளே வந்தாள்.

"அதை உள்ள தள்ளு."

"மழை வந்துடுச்சு அண்ணி."

"வந்தா என்ன, அவனுக்குக் கண்ணு இல்லையா? போன வாரம் பிலிமோனி ரெண்டே கட்டை விறகு பிளந்தான். பாயும் காவா வேரும் காணிக்கையா கொண்டுபோய் மண்டி போட்டான், ஊர்ப் பெரியவங்க மன்னிச்சும் விட்டாங்க. மூணாம் நாள் அவன் பிள்ளைக்குக் கழுத்து நிக்கல. இன்னும் நிக்கல."

"அது காய்ச்சல்னு நர்ஸ் சொன்னாங்களே."

"மொத தடவை சொன்னா. ரெண்டாந்தடவை வந்தப்ப வாயே திறக்கல."

"தலைவரே இந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சிருக்காரு அண்ணி. நம்ம ஊருக்கும் ஒரு மாடு வந்துடுச்சுன்னாரு."

"உசுரோட இருந்தப்ப."

மழைக்குள்ளிருந்து படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. ஊர் அடங்கிக் கிடந்ததால் தெளிவாகவே கேட்டது. பிறகு நின்றது. இரண்டு பெண்களும் அசையவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு அவன் காது கொடுத்துக் காத்திருக்கிறான் என்று இருவருக்குமே தெரியும்.

மறுபடி எஞ்சின் உறுமியது. சத்தம் மேற்கே போயிற்று. அந்தப் பக்கம் இடைவெளி கிடையாது.

கெலெரா துணியைக் குடத்தில் முக்கிப் பிழிந்தாள்.

அகனிசி கதவை மறிக்கவில்லை. பாயில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகளைக் கையால் காட்டினாள்.

"செத்தவங்க இதுல எதை எடுத்துக்குவாங்கன்னு நினைக்கிற?"

கெலெரா பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சின்னவள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கெலெரா டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.